"எந்தத் தெரு?" என்று கேட்காதீர்கள்

நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்துப் பள்ளிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. புதிதாகச் சேர்ந்த பிள்ளையிடம் பெயரைக் கேட்ட கையோடு "எந்தத் தெரு?" என்று கேட்போம். எதற்காகக் கேட்கிறோம் என்பது நமக்கும் தெரியும், பதில் சொல்லும் பதினொரு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஊரே சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கும்போது தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்னதாகிவிடும். சாதி என்ற சொல் வாயில் வராததால் இது தவறென்றே நமக்கு உறைப்பதில்லை.

அடுத்தது உதவித்தொகை. படிவம் வந்ததும் "எஸ்.சி. மாணவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று நடு வகுப்பில் சொல்வது. நானும் சொல்லியிருக்கிறேன், வேலை சீக்கிரம் முடியும் என்று நினைத்தேன். அப்படி எழுந்து நின்ற மாணவி ஒருத்தி மறு ஆண்டு படிவம் வாங்க வரவே இல்லை. கூப்பிட்டுக் கேட்டபோது பணம் வேண்டாம் என்றாள். அந்தப் பணம் அவள் வீட்டுக்கு எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும். இன்றும் அது என்னை உறுத்துகிறது. பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, உதவித்தொகை விவரத்தைத் தலைமையாசிரியர் அறையில் தனியாகச் சொல்ல வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, அகர வரிசைப்படி மாணவர்களை உட்கார வைக்க வேண்டும் என்கிறது. இவற்றைச் செய்ய எந்தப் பள்ளியும் அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

கைக்கயிறு பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. இன்ன சாதி என்று காட்டச் சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று நிறம் நிறமாகக் கயிறு கட்டி வருவதைத் தடுக்கச் சொல்லி 2019இல் பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பியதும், பழைய நிலையே தொடரும் என்று அப்போதைய அமைச்சர் சொல்லிவிட்டார். கயிறு கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வாசலில் கத்தரிக்கோலோடு நின்று அறுத்துப் போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று நினைப்பது பெரிய தவறு. கையிலிருந்து போன நிறம் சைக்கிளிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வந்து நிற்கும். யார் கட்டிவிட்டது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஊரில் ஓர் அண்ணன் இருப்பார். கோயில் கொடை, தலைவர்களின் நினைவு நாள் என்று வரும் வாரங்களில் வகுப்பைக் கூடுதலாகக் கவனியுங்கள்; சாதாரணமாக இடித்துக்கொண்டதுகூட அப்போதுதான் தெருச் சண்டையாக மாறும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் "சமாதானம்". அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒரே அறையில் நிறுத்தி, கை கொடுக்கச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். யார் புகார் சொன்னார்கள் என்பது அந்த அறையிலேயே தெரிந்துவிடுகிறது. 2023 ஆகஸ்டில் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் என்ன நடந்தது? தொந்தரவு தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்த பட்டியலினத்து மாணவன், காரணத்தைப் பள்ளியில் சொன்னான். உடன் படித்தவர்களே அரிவாளோடு அவன் வீட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள். தடுக்க ஓடிய தங்கைக்கும் வெட்டு விழுந்தது. சந்துரு குழுவை அரசு அமைத்தது அதன் பிறகுதான்.

ஆகவே புகார் சொன்ன பிள்ளையைத் தனியாகக் கேளுங்கள். சொன்னதை எழுதி வையுங்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களை விசாரிப்பதற்கு முன்பே, அந்தப் பிள்ளை எந்தப் பஸ்ஸில், யாரோடு, எந்த வழியாக வீட்டுக்குப் போகிறது என்பதைப் பார்த்துவிடுங்கள். நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவன் தொடர்ந்து நான்கு நாள் வரவில்லையென்றால் பதிவேட்டில் குறித்துவிட்டு விட்டுவிடாதீர்கள். வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. பள்ளியில் சொல்லப் பயமாக இருந்தால் 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (பள்ளிக் கல்வித் துறை உதவி எண்) ஆகிய எண்களில் அழைக்கலாம். இந்த இரண்டு எண்களையும் பிள்ளையின் நோட்டு அட்டையின் உள்பக்கத்தில் இன்றைக்கே எழுதிக் கொடுங்கள்.