போர் நடக்கும்போதே அமைதிக்கான பன்னாட்டு ஒத்துழைப்பைத் திட்டமிடும் முறை

முதலில் போர் முடியட்டும், அமைதியைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று சொல்பவர்கள் நம் ஊரிலும் பலர் உண்டு. வரலாறு அவர்கள் பக்கம் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் நேசப் படைகள் இறங்குவதற்கு ஏறத்தாழ ஏழு மாதங்களுக்கு முன்பே, 1943 நவம்பர் 9 அன்று, 44 நாடுகள் வாஷிங்டனில் கூடி ஐக்கிய நாடுகளின் நிவாரண மறுவாழ்வு நிர்வாகத்தை அமைத்துவிட்டன. அடுத்த ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் வூட்ஸில் பன்னாட்டு நாணய ஏற்பாடுகளும், ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை வாஷிங்டனின் டம்பார்ட்டன் ஓக்ஸ் மாளிகையில் ஐ.நா. சாசனத்துக்கான அடிப்படை முன்மொழிவுகளும் உருவாயின. 1945 ஏப்ரல் 25 அன்று ஐ.நா.வை உருவாக்கிய சான் பிரான்சிஸ்கோ மாநாடு தொடங்கியபோது பெர்லினின் தெருக்களில் சண்டை நடந்துகொண்டிருந்தது. சண்டை ஓய்ந்த நாளில் பசியும் நோயும் அகதிகளும் கையிருப்பில் எந்த ஏற்பாடும் இல்லாத உலகத்தின் மீது வந்து விழக் கூடாது என்பதற்காகவே இவ்வளவும் முன்கூட்டிச் செய்யப்பட்டன.

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், வள்ளியூர், உவரி போன்ற ஊர்களில் சிறு குழுவாகக் கூடி, இப்போது நடக்கும் ஏதேனும் ஒரு போரைக் குறித்துப் பொறுப்பான திட்டம் ஒன்றை எழுதி உரியவர்களுக்கு அனுப்ப விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாமிரபரணிக் கரையில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. வளைகுடாவில் மீன்பிடிப் படகுகளில் வேலை செய்பவர்களும், சரக்குக் கப்பல் மாலுமிகளும், வெளிநாட்டில் மருத்துவம் படிக்கச் சென்ற பிள்ளைகளும் நம் தெருக்களிலிருந்து போனவர்கள். இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்தவர்களுக்கான மறுவாழ்வு முகாம்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. போர் நமக்குத் தொலைவில் இல்லை. அதைப் பற்றி எழுதும் உரிமையும் அறிவும் நம்மிடம் உண்டு.

முதலில் செய்ய வேண்டியது: ஒரே ஒரு தேவையைத் தேர்ந்தெடுத்தல்

இறுதித் தீர்வு எப்படி இருக்க வேண்டும் என்று எழுதத் தொடங்காதீர்கள். எல்லை எங்கே, ஆட்சி யாருக்கு என்ற கேள்விகளில் இறங்கினால் உங்கள் குழுவே இரண்டாகப் பிரிந்துவிடும்; போரிடும் தரப்பினர் படிக்கும் முதல் பக்கத்திலேயே தாளை மூடிவிடுவார்கள். இரு தரப்புக்கும் இன்றே தேவைப்படுவதும், தாமதித்தால் இருவருக்குமே இழப்பைத் தருவதுமான ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்: குழந்தைகளுக்கான தடுப்பூசி, தானியம், குடிநீர் நிலையம், கைதிகளின் கடிதங்கள், காணாமற்போனவர்களின் பட்டியல், துறைமுகத்தில் சிக்கிய மாலுமிகள். மேல்மடை ஊரும் கடைமடை ஊரும் நீதிமன்றத்தில் வழக்காடிக்கொண்டிருந்தாலும் பயிர் காயாமல் இருக்க முறைவைத்துத் தண்ணீர் விடும் வழக்கத்தை நம் வாய்க்கால் பாசனத்தில் பார்த்திருக்கிறோம். வழக்கின் முடிவுக்காகத் தண்ணீர் காத்திருப்பதில்லை.

இதற்குத் தெளிவான முன்னுதாரணம் 1985இல் எல் சால்வடோரில் இருக்கிறது. உள்நாட்டுப் போரின் நடுவே, யுனிசெஃப் முன்முயற்சியாலும் கத்தோலிக்கத் திருச்சபையின் துணையாலும், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதற்காக அரசும் கிளர்ச்சிப் படையினரும் குறிப்பிட்ட நாட்களில் சண்டையை நிறுத்தினார்கள். போர் அதனால் முடியவில்லை. 1992 வரை நீண்டது. ஆனால் எதிரியிடம் ஒரு சொல் கொடுத்து அதைக் காப்பாற்ற முடியும் என்பது நடைமுறையில் நிரூபணமானது. உங்கள் திட்டமும் இந்த அளவிலிருந்தே தொடங்கட்டும்.

குழுவில் யார் இருக்க வேண்டும்

அரசியல் பேசத் தெரிந்தவர்கள் மட்டும் கூடினால் திட்டம் மேடைப்பேச்சாக முடியும். கப்பலில் வேலை பார்த்தவர், செவிலியர், வழக்கறிஞர், கணக்குத் தெரிந்தவர், முகாமில் வளர்ந்த ஒருவர், வரலாறு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் ஆகியோர் அவசியம். பெண்கள் பாதிப் பேராவது இருக்கட்டும். அமைதிப் பேச்சுகளின் எல்லா நிலைகளிலும் பெண்கள் பங்கேற்க வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்புச் சபை 2000ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று 1325ஆம் தீர்மானத்தில் கூறியதை, நம் ஊர்க் குழுவே கடைப்பிடிக்காவிட்டால் பிறரிடம் கேட்க நமக்கு வாயில்லை.

அதைவிடக் கடினமான கேள்வி, இந்தப் போரைத் தம் உடலில் சுமப்பவர்களின் குரல் திட்டத்தில் எங்கே இருக்கிறது என்பது. சான் பிரான்சிஸ்கோவில் இந்தியக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் ஆற்காடு இராமசாமி முதலியார். அவர் திறமையாளர், ஐ.நா.வின் பொருளாதார சமூக சபையின் முதல் தலைவராக 1946இல் அமர்ந்தார். ஆனால் அந்தக் குழுவை அனுப்பியது ஆங்கிலேய அரசு; இந்திய மக்களின் தேர்வு அது இல்லை. அதை விஜயலட்சுமி பண்டிட் அதே நகரத்துக்குச் சென்று வெளிப்படையாகச் சொன்னார். உங்கள் வரைவின் ஒவ்வொரு பிரிவுக்கும் அருகில் ‘இதனால் பாதிக்கப்படுபவர் யார், அவரிடம் கேட்டோமா’ என்று ஒரு வரி எழுதி வையுங்கள். கொலம்பிய அரசும் ஃபார்க் என்ற கிளர்ச்சிப் படையினரும் கியூபாவின் ஹவானாவில் பேசிக்கொண்டிருந்தபோது, 2014இல், ஐந்து முறையாக அறுபது பாதிக்கப்பட்டவர்கள் பேச்சு மேசைக்கே அழைத்துவரப்பட்டனர். அப்போது கொலம்பியாவில் சண்டை ஓய்ந்திருக்கவில்லை. ஆகவே, நிலைமை சரியான பிறகு மக்களைக் கேட்போம் என்பது ஏற்கத்தக்க காரணமே இல்லை.

செயல்படும் முறையை எழுதுங்கள்

இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி இதுதான். உங்கள் நேரத்தில் பெரும்பகுதியையும் இதற்கே கொடுங்கள். ‘நாடுகள் ஒத்துழைக்க வேண்டும்’ என்ற வரியால் ஒரு மூட்டை கோதுமைகூட நகராது. யார் கையெழுத்திடுகிறார், எந்த ஊரில் அலுவலகம், யார் சோதிக்கிறார், எத்தனை நாளுக்கு ஒப்புதல், ஒப்புதல் முடிந்தால் அடுத்த நாள் காலையில் என்ன நடக்கும் என்பவற்றை எழுத வேண்டும்.

போரின் நடுவே உக்ரைனின் தானியத்தைக் கப்பலில் வெளியே அனுப்ப வழிசெய்த கருங்கடல் தானிய ஏற்பாட்டை எடுத்துக்கொண்டு, அதன் உறுப்புகளைப் பிரித்துப் படித்துப் பாருங்கள். 2022 ஜூலை 22 அன்று இஸ்தான்புல்லில், உக்ரைனும் ரஷ்யாவும் ஒருவருக்கொருவர் கையெழுத்திடவில்லை. இருவரும் தனித்தனியாகத் துருக்கியுடனும் ஐ.நா.வுடனும் ஒரே மாதிரியான ஆவணங்களில் கையெழுத்திட்டார்கள். எதிரியை அங்கீகரித்ததாகவும் ஆகாது, வேலையும் நடக்கும். நான்கு தரப்பினரும் இருந்த ஒருங்கிணைப்பு மையம் இஸ்தான்புல்லிலேயே அமைந்து, கப்பல்கள் போகும் போதும் வரும் போதும் சோதிக்கப்பட்டன. உக்ரைனின் மூன்று துறைமுகங்களிலிருந்து ஏறத்தாழ 3.3 கோடி டன் தானியமும் பிற உணவுப் பொருள்களும் வெளியேறின. பலவீனம் கால வரம்பில் இருந்தது. முதலில் 120 நாட்கள் என்று வைத்தார்கள். பின்னர் அந்தக் காலமே பேரப் பொருளாகி, 60 நாட்களாகச் சுருங்கி, 2023 ஜூலை 17 அன்று ரஷ்யா விலகியதும் ஏற்பாடு முடிந்தது. இதிலிருந்து என் முடிவு இது: புதுப்பித்தல் தேதியை எழுதும்போதே, புதுப்பிக்கப்படாவிட்டால் வழியில் இருக்கும் கப்பல்களுக்கும் ஏற்கெனவே கட்டிய பணத்துக்கும் என்ன பாதுகாப்பு என்ற பிரிவையும் சேர்த்தே எழுத வேண்டும்.

சட்டத்தில் இந்த ஏற்பாடு எங்கே நிற்கிறது என்பதை அடுத்துப் பாருங்கள். நமக்கு மிக அருகில் நடந்த ஒரு நிகழ்வு இதைக் கசப்பாகக் கற்றுத்தருகிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் சேர்ந்து நிவாரணத்தை நிர்வகிக்க 2005 ஜூன் 24 அன்று ஒரு பொதுக் கட்டமைப்பில் கையெழுத்திட்டனர். தேசிய, வட்டார, மாவட்ட நிலைகளில் குழுக்கள், பன்னாட்டுக் கொடையாளர்களின் நிதி எனக் காகிதத்தில் அது நன்றாகவே இருந்தது. ஆனால் ஆளும் கூட்டணியிலிருந்த ஜே.வி.பி. என்ற இடதுசாரிக் கட்சி அதை எதிர்த்து வெளியேறி வழக்கும் தொடுத்தது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் நிதி உள்ளிட்ட முக்கியப் பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அதே கரையில் பெருந்துயரம் பட்ட முஸ்லிம் மக்களின் பிரதிநிதிகள் தாங்கள் கையெழுத்திடும் தரப்பாக இல்லை என்று குறைபட்டார்கள். அந்தக் குறையில் நியாயம் இருந்தது. கட்டமைப்பு நடைமுறைக்கே வரவில்லை. கடலால் வீடிழந்த மக்களுக்கு உதவி செய்யும் ஏற்பாடுகூட நீதிமன்றத்தையும் நாடாளுமன்றத்தையும் மூன்றாம் சமூகத்தையும் முன்கூட்டி எண்ணாததால் நின்றுபோனது என்பதை நினைக்கும்போது இன்றும் மனம் வலிக்கிறது. எந்த நாட்டின் எந்தச் சட்டம் உங்கள் ஏற்பாட்டைத் தடுக்கக்கூடும் என்ற பட்டியலைத் தயாரிக்கும் வேலையைக் குழுவின் வழக்கறிஞரிடம் கொடுங்கள்.

கண்காணிப்பவர்களைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே கவனம் தேவை. 2002 பிப்ரவரி போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க ஐந்து நார்டிக் நாடுகள் இலங்கைக்கு ஆட்களை அனுப்பின. 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைப்பட்டியலில் சேர்த்தபோது, ஒன்றியத்தைச் சேர்ந்த சுவீடன், டென்மார்க், பின்லாந்து நாட்டவர் வெளியேற வேண்டும் என்று புலிகள் வற்புறுத்தினர். நார்வேயும் ஐஸ்லாந்தும் மட்டும் எஞ்சின. கண்காணிக்கும் நாடு வேறொரு மேசையில் எடுக்கும் முடிவு களத்திலிருக்கும் அதன் ஆட்களை வெளியேற்றிவிடும் நிலை இருக்கக் கூடாது. மாற்று நாடுகளின் பெயர்களையும் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

முட்டுக்கட்டையைத் தனியே எடுத்து வைத்தல்

எந்தப் பேச்சிலும் எல்லாவற்றையும் நிறுத்திவிடும் ஒரு கேள்வி இருக்கும். கொரியாவில் 1951 ஜூலையில் தொடங்கிய பேச்சு 1953 ஜூலை 27 அன்றுதான் போர்நிறுத்த உடன்பாட்டில் முடிந்தது; இடையில் சண்டை ஓயவில்லை. தாய்நாடு திரும்ப மறுக்கும் கைதிகளை வலுக்கட்டாயமாக அனுப்பலாமா என்ற ஒரே கேள்வியே நெடுங்காலம் இழுத்தது. அந்தக் கேள்வியை மட்டும் பிரித்து ஒரு நடுநிலை அமைப்பிடம் ஒப்படைக்கும் யோசனையை 1952இல் இந்தியாவின் சார்பில் வி.கே. கிருஷ்ண மேனன் ஐ.நா.வில் முன்வைத்தபோது பொதுச்சபை அதை ஏற்றது; சீனாவும் வடகொரியாவும் உடனே ஏற்கவில்லை. பின்னர் வந்த ஏற்பாடோ அந்தத் திசையிலேயே அமைந்தது. சுவீடன், சுவிட்சர்லாந்து, போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, இந்தியா ஆகிய ஐந்து நாடுகளின் ஆணையத்துக்கு இந்தியாவின் ஜெனரல் திம்மையா தலைவர்; கைதிகளைக் காத்தது இந்தியப் படை. தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ இந்திய வீரர்கள் தம் மண்ணில் கால் வைக்க அனுமதிக்காததால், கப்பல்களிலிருந்து ஹெலிகாப்டர்களில் அவர்களை இரு கொரியாக்களுக்கும் இடையிலான படைவிலக்கப் பகுதிக்கு நேரே கொண்டுபோக வேண்டியிருந்தது. நடுநிலையாளருக்கு நல்லெண்ணம் மட்டும் இருந்தால் போதாது, போக வழியும் வேண்டும். உங்கள் திட்டத்தில் தனியே ஒரு பக்கம் ஒதுக்கி, அந்த முட்டுக்கட்டை எது, அதை யாரிடம் ஒப்படைக்கலாம், அவர் எந்த வழியில் உள்ளே போவார் என்று எழுதுங்கள்.

பணத்தைப் பற்றி நீண்டு எழுதத் தேவையில்லை. அளவுகோல் முதலிலேயே வேண்டும் என்பது மட்டும் முக்கியம். 1943இல் அமைந்த நிவாரண நிர்வாகம், எதிரியால் கைப்பற்றப்படாத உறுப்பு நாடுகளிடம் தேசிய வருமானத்தில் ஒரு விழுக்காட்டைக் கேட்டது. அந்த ஒற்றை விதியால் யார் எவ்வளவு தருவது என்ற சண்டை பெருமளவு குறைந்தது.

எழுதி அனுப்பும் வழி

திட்டம் பத்துப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். தமிழில் எழுதி ஊரில் படித்துக்காட்டித் திருத்திய பிறகே ஆங்கிலப் படியைத் தயாரியுங்கள். தமிழில் விளங்காத பிரிவு எங்கும் விளங்காது. தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் நேரில் கொடுத்து, வெளியுறவு அமைச்சகத்திடம் அதைக் குறித்துக் கேள்வி எழுப்பும்படி வேண்டலாம். மக்களவையிலும் மாநிலங்களவையிலும் மனுக்களுக்கான குழுக்கள் உள்ளன. பொது நலன் சார்ந்த மனுவை உறுப்பினர் வழியாக அங்கே வைக்க முடியும். ஐ.நா. பொருளாதார சமூக சபையில் ஆலோசனைத் தகுதி பெற்ற அமைப்புகளிடம் அனுப்பினால் அவை ஜெனீவா, நியூயார்க் கூட்டங்களில் அதைப் பேச இயலும்.

சட்ட எல்லைகளை மீறாதீர்கள். இந்தியாவில் தடைசெய்யப்பட்ட எந்த அமைப்புடனும் நேரடித் தொடர்பு வைக்க வேண்டாம். வெளிநாட்டுப் பணத்தை, 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அனுமதி இல்லாமல், ஒரு ரூபாய்கூட வாங்க வேண்டாம். அரசின் சார்பாகப் பேசுவது போன்ற தோற்றமும் கூடாது.

தனிமனிதர்களின் குழு அனுப்பும் தாளை யாரும் படிக்க மாட்டார்கள் என்ற சோர்வு வரும்போது, 1915ஐ நினைத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போரின் நடுவே, ஏப்ரல் இறுதியில், பன்னிரண்டு நாடுகளைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஹேக் நகரில் கூடினார்கள். அவர்களை எந்த அரசும் அனுப்பவில்லை. பெரும்பாலான நாடுகளில் வாக்குரிமைகூட இல்லை. அமெரிக்கச் சமூகப் பணியாளர் ஜேன் ஆடம்ஸ் தலைமையில் தீர்மானங்களை எழுதி, போரிடும் நாடுகளின் தலைநகரங்களுக்கும் நடுநிலை நாடுகளுக்கும் தூதுக் குழுக்களாகச் சென்று ஆட்சியாளர்களை நேரில் சந்தித்தார்கள். போர் அதனால் நிற்கவில்லை. ஆயினும் தொடர் சமரசம், ஆயுதக் குறைப்பு, நிலையான பன்னாட்டு அமைப்பு என்று அவர்கள் எழுதியவை அடுத்த சில ஆண்டுகளில் அரசுகளே பேசும் பொருளாயின.

அனுப்பிய பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழு கூடி, களநிலை மாறிய பிரிவுகளைத் திருத்தி, ஒவ்வொரு படியிலும் தேதியிட்டு, பழைய படிகளையும் பாதுகாத்து வையுங்கள். பேச்சு திடீரென்று தொடங்கும் வாரத்தில் எவரும் புதிதாக எழுத நேரம் தரமாட்டார்கள். அன்று மேசைக்குப் போவது ஏற்கெனவே எழுதி முடித்திருக்கும் தாள் மட்டுமே.