கறவை மாடு நிற்கும் வீட்டில் பால் சேராத குழந்தை

கன்னங்குறிச்சியில் எங்கள் கொட்டகையில் இரண்டு கறவை மாடுகள் நிற்கின்றன. தெருவுக்கே பால் ஊற்றும் வீட்டில் பேத்திக்குப் பால் சேரவில்லை, ஒவ்வாமை. எட்டு மாதத்தில் பாலாடையில் இரண்டு மடக்கு பசும்பால் புகட்டினேன். பத்து நிமிடத்தில் வாயைச் சுற்றித் தடிப்பு, பிறகு வாந்தி. ஒரு வயதுக்கு முன் பசும்பாலைக் குடிக்கக் கொடுக்கவே கூடாது என்பதை அன்றுதான் மருத்துவர் சொல்லிக் கேட்டேன்.

முதலில் ஒரு நோட்டு வையுங்கள். என்ன கொடுத்தோம், எவ்வளவு, எத்தனை மணிக்கு, எப்போது என்ன ஆனது என்று எழுதுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பும் வாந்தியும் வருவது ஒரு வகை. பல மணி நேரமோ சில நாட்களோ கழித்து மலத்தில் சளி, ரத்தம் வருவது இன்னொரு வகை. மருத்துவர் முதலில் கேட்பது இந்த நேரக் கணக்கைத்தான். மூச்சு இழுத்தாலோ, நாக்கு வீங்கினாலோ, குழந்தை துவண்டாலோ நோட்டைத் தேடாதீர்கள், உடனே 108ஐ அழையுங்கள்.

ஏற்காட்டிலிருந்து வந்த நாத்தனார் ஆட்டுப்பால் கொடுக்கச் சொன்னாள். கொடுக்காதீர்கள். ஆட்டுப்பால் புரதமும் எருமைப்பால் புரதமும் பசும்பால் புரதத்தைப் போன்றவையே. பசும்பால் சேராத பெரும்பாலான குழந்தைகளுக்கு அவையும் சேர்வதில்லை. காய்ச்சினாலும் கேசின் என்னும் பால் புரதம் போகாது. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். தாயும் பாலை விலக்க வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். விலக்கினால் அவளுக்குச் சுண்ணாம்புச்சத்து தனியாக வேண்டும். மருமகளுக்கு அவர் எழுதிக்கொடுத்த மாத்திரையோடு தினமும் கேழ்வரகுக் கூழும் கொடுக்கிறேன். நெய்யும் பாலில் இருந்து எடுப்பதுதான். கடைப் பொருள் என்றால் ரஸ்க், மில்க் பன், பிஸ்கட் எல்லாவற்றிலும் உறையைப் படியுங்கள். கேசின், வே (பால் திரிந்தால் பிரியும் நீர்), பால் திடப்பொருள் என்றிருந்தால் அதுவும் பால்தான்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஒருநாள் என் முந்தானையில் சிந்திய பால் காய்ந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. அதில் கன்னம் வைத்துத் தூங்கிய பேத்திக்கு அந்தப் பக்கம் மட்டும் சிவந்து தடித்துவிட்டது. இப்போது முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, சேலை மாற்றிய பிறகே அவளைத் தூக்குகிறேன்.

அவளுக்கு அடிக்கடி நெஞ்சுச்சளி கட்டியதால் ரத்தத்தில் ஐஜிஜி என்னும், கிருமியை எதிர்க்கும் எதிர்ப்பொருளையும் பார்த்தார்கள். 186 என்று வந்தது. பக்கத்தில் 700 முதல் 1600 வரை என்று அச்சிட்டிருந்ததைக் கண்டு மருமகள் அழுதுவிட்டாள். அது பெரியவர்களுக்கான அளவு. குழந்தையின் வயதுக்கான அளவு எவ்வளவு என்று கட்டாயம் கேளுங்கள். கருவில் தாய் கொடுத்த எதிர்ப்பொருள் பிறந்தபின் கரைந்துகொண்டே போகும். குழந்தையின் உடல் தானாகச் செய்வது மெல்லத்தான் ஏறும். இவளுக்கு வயதுக் கணக்கிலும் சற்றுக் குறைவுதான். இப்படிப்பட்ட பல குழந்தைகளுக்கு இரண்டு முதல் நான்கு வயதுக்குள் அளவு தானாகச் சீராகிவிடும் என்றார் மருத்துவர்.

ரத்தத்தில் உள்ள அல்புமின் என்னும் புரதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வாமையால் குடல் புண்ணாகிப் புரதம் வெளியேறினாலும் ஐஜிஜி குறையும். தடுப்பூசிக்கு உடல் எதிர்ப்பொருள் உண்டாக்கியிருக்கிறதா என்றும், உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகளைப் போடலாமா என்றும் கேளுங்கள். உடனே தடிப்பு வரும் ஒவ்வாமைக்கு ஐஜிஇ என்னும் வேறொரு எதிர்ப்பொருள் காரணம். ஐஜிஜியை வைத்து எந்த உணவு சேராது என்று பட்டியல் தரும் சோதனைக்குப் பணம் கட்டாதீர்கள்.

பாலை மறுபடி கொடுத்துப் பார்ப்பது எப்போது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். இவளைப் போல உடனே தடிப்பு வரும் குழந்தைக்கு மருத்துவமனையில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். அதுவரை அவளுடைய டம்ளருக்கும் கரண்டிக்கும் சிவப்பு நூல் சுற்றி வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூட அந்த நூல் எதற்கென்று தெரியும்.