டிரா போதும் என்று உட்காருபவர்கள் செய்யும் தவறுகள்

செஸ் போட்டியில் கடைசி ரவுண்டு, அரைப் புள்ளி கிடைத்தால் போதும். இந்த நினைப்போடு உட்கார்ந்தால் ஓப்பனிங்கிலேயே, அதாவது ஆட்டத்தின் முதல் சில மூவ்களிலேயே, வம்பு தொடங்கிவிடும்.

எதிராளி கறுப்புக் காயில் பிரெஞ்சு டிஃபென்ஸ் என்ற ஓப்பனிங்கை ஆடுகிறார், நாம் மூன்றாவது மூவிலேயே டி5 கட்டத்தில் சிப்பாயை வெட்டி எக்ஸ்சேஞ்ச் (சிப்பாய்க்குச் சிப்பாய்) செய்துவிடுகிறோம், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது, இனி டிராதான் என்று ஒரு நிம்மதி. 1990-இல் மணிலா இன்டர்சோனல் (உலக சாம்பியன்ஷிப்புக்கான தகுதிச் சுற்று) கடைசி ரவுண்டில் மிகைல் குரேவிச் இதைத்தான் ஆடினார். வெள்ளைக் காய், டிரா செய்தால் போதும். நைஜல் ஷார்ட்டிடம் தோற்றுப்போனார்.

ஏன் இப்படி ஆகிறது? சிப்பாய்கள் வெட்டுப்பட்டதால் நடுவில் உள்ள இ வரிசை (இ1 முதல் இ8 வரை) திறந்தே கிடக்கிறது, அதில் முதலில் யானையைக் கொண்டுவருபவர் கைதான் ஓங்கும். 1978-இல் டடாய் - கோர்ச்னாய் ஆட்டத்தைப் போட்டுப் பாருங்கள். வெள்ளை 6-வது மூவில் ராணியை இ2-வில் வைத்து ஒரு செக் கொடுக்கிறார், அப்புறம் கறுப்பு யானை இ8-க்கு வந்ததும் அதே ராணி சி2-க்கு ஓட வேண்டியதாகிறது. ரெண்டு மூவ் வீண். 12-வது மூவில் கறுப்பு ராணி நேராக ஜி3-இல் போய் உட்காருகிறது! எஃப்2 சிப்பாயால் அதை வெட்ட முடியாது, சி5 பிஷப் அந்தச் சிப்பாயை ராஜாவோடு கட்டிப்போட்டிருக்கிறது. 14 மூவில் கதை முடிந்தது.

பெர்லின் டிஃபென்ஸ் என்ற இன்னொரு ஓப்பனிங்கில் 14 மூவில் முடிகிற டிராவை மனப்பாடம் செய்துகொண்டு போவதும் இதே ரகம்தான். அதில் ராணிகள் திரும்பத் திரும்ப அதே கட்டங்களுக்கு வந்துதான் டிரா ஆகிறது, அதற்கு ரெண்டு பேருமே டிராவை விரும்ப வேண்டும். வெள்ளை நான்காவது மூவில் கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே மூவில் நகர்த்துவது) செய்யாமல் சிப்பாயை டி3-க்கு ஆடிவிட்டால் மனப்பாடம் அதோடு சரி.

டிரா கேட்கும் முறையிலும் பலர் சொதப்புகிறார்கள். முதலில் மூவை ஆடி, டிரா கேட்டு, அப்புறம் கடிகாரத்தை அழுத்த வேண்டும். எதிராளி யோசிக்கும்போது நச்சரிக்கக் கூடாது.

மூன்று முறை ஒரே நிலை வந்தது என்று டிரா கோருவது இன்னும் சிக்கல். உங்கள் மூவால்தான் மூன்றாவது முறை வருகிறது என்றால், அதைப் பலகையில் ஆடாமல் தாளில் எழுதி, கடிகாரத்தை நிறுத்தி ஆர்பிட்டரை (நடுவரை) கூப்பிட வேண்டும். ஆடி, கடிகாரத்தையும் அழுத்திவிட்டால் அந்த உரிமை எதிராளிக்குப் போய்விடும். எண்ண வேண்டியது நிலையை, மூவை அல்ல. கேஸ்லிங் உரிமை மாறியிருந்தால் அது வேறு நிலை. தப்பாகக் கோரினால் எதிராளிக்கு ரெண்டு நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும்.