தனிமமா, சேர்மமா, மூலக்கூறா? இரண்டு கேள்வி போதும்

தனிமம், சேர்மம், மூலக்கூறு என்று மூன்று பெட்டி போட்டுப் பொருள்களைப் பிரிக்க உட்கார்ந்தால் குழப்பம்தான் மிஞ்சும், ஒரே பொருள் இரண்டு பெட்டிக்குப் போய்விடும். பினாங்கில் படிவம் ஒன்று (இடைநிலைப் பள்ளியின் முதல் ஆண்டு) படிக்கும் என் மகளுக்கு, பெட்டிகளை விட்டு இரண்டு கேள்விக்கு மாறிய பிறகுதான் தெளிவு வந்தது.

முதல் கேள்வி: எத்தனை வகை அணு?

ஒரே வகை என்றால் தனிமம், இரண்டோ அதற்கு மேலோ பிணைந்திருந்தால் சேர்மம். பொருளின் வேதி வாய்பாட்டில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளைப் பாருங்கள். ஒவ்வொரு பெரிய எழுத்திலும் ஒரு தனிமத்தின் குறியீடு தொடங்குகிறது. ‘சி’ பெரியது, ‘ஓ’ சிறியது என்றால் அது கோபால்ட், தனிமம். இரண்டுமே பெரியது என்றால் கார்பன் மோனாக்சைடு, சேர்மம். வெள்ளீயம் தனிமம், பேராக்கில் தோண்டியெடுத்த அதன் தாதுவில் ஒரு வெள்ளீய அணுவுக்கு இரண்டு ஆக்சிஜன் அணு, ஆகவே சேர்மம்.

இரண்டாம் கேள்வி: அணுக்கள் தனித்தனிக் கொத்தாகப் பிணைந்திருக்கின்றனவா?

ஆம் என்றால் மூலக்கூறு. பலர் சறுக்கும் இடம் இதுதான், அவசரப்படாதீர்கள். ஆக்சிஜன் வாயுவில் அணுக்கள் இரண்டிரண்டாக இருக்கின்றன; அது தனிமம், மூலக்கூறும்கூட. தண்ணீர் சேர்மம், மூலக்கூறும்கூட. பலூனில் அடைக்கும் ஹீலியத்தில் அணுக்கள் ஒண்டியாகத் திரிகின்றன, தனிமம் மட்டும்.

உப்பு? அதில் சோடியமும் குளோரினும் இருக்கின்றன. அவை எப்படிப் பிணைந்திருக்கின்றன என்று பார்க்கக் களிமண்ணில் மாதிரி செய்ய வேண்டும். கைப்பேசிச் செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். கையால் பிய்த்துப் பார்த்தால்தான் பிணைப்பு விளங்கும். கடையில் விற்கும் வண்ணக் களிமண்ணும் பல்குச்சியும் போதும். நான்கு சோடியம் உருண்டை, நான்கு குளோரின் உருண்டை பிடித்து, ஒரே நிறம் அடுத்தடுத்து வராமல் கனசதுரமாகக் குத்துங்கள். இப்போது எந்தச் சோடியம் எந்தக் குளோரினின் ஜோடி என்று பிள்ளையைக் கேளுங்கள். சொல்ல முடியாது. ஒவ்வோர் உருண்டைக்கும் மூன்று பக்கத்தில் அண்டை. உண்மையான உப்புப் படிகத்தில் ஆறு பக்கத்திலும். தனிக் கொத்து கிடையாது. ஆகவே உப்பு சேர்மம், ஆனால் மூலக்கூறு அன்று. மேலே சொன்ன வெள்ளீயத் தாதுவும் அப்படியே.

பின்சேர்க்கை: கோலாலம்பூரிலிருந்து ஒரு மாணவி பியூட்டர் குவளையைப் பற்றிக் கேட்டிருந்தார். அது வெள்ளீயத்தோடு கொஞ்சம் செம்பும் ஆன்டிமனியும் உருக்கிச் சேர்த்த கலப்புலோகம். அளவைக் கூட்டிக் குறைக்கலாம். சேர்மத்தில் விகிதம் மாறாது. அதனால் பியூட்டரைக் கலவை வகையில் சேர்த்துவிடுங்கள், இந்த இரண்டு கேள்விக்குள் கொண்டுவர வேண்டாம்.