வெள்ளவத்தை பிளாட்டில் சுனாமி எச்சரிக்கை வந்தால்: அம்மாவும் நானும் ஒத்திகை பார்த்த வழி

அம்மாவுக்கு 81 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. நாங்கள் இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதி என்ற பெருந்தெருவிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஆறு மாடித் தொடர்மாடியின் முதலாம் மாடியில். கடைசி ரயில் போனபிறகு கடல் இரைச்சல் கட்டிலுக்கே கேட்கும்.

போன மாதம் ஒரு ஞாயிறு காலை அம்மாவைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, பழைய சேலையால் இடுப்பைச் சுற்றிக் கதிரையோடு கட்டி, நானும் நாலாம் மாடி நானாவின் மகனுமாகத் தூக்கிக்கொண்டு படியேறினோம். லிப்டைத் தொடவில்லை. நானா வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர 7 நிமிடம் பிடித்தது. அடுத்த தடவை முதுகுப்பக்கம் அவனும் கால்பக்கம் நானுமாக மாறிப் பிடித்தோம். 5 நிமிடத்தில் முடிந்தது. உங்கள் வீட்டிலும் படியேற முடியாதவர் இருந்தால், இந்த நிமிடக் கணக்கை இன்றைக்கே எடுத்து வையுங்கள். மற்ற ஆயத்தம் எல்லாம் அந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்கும்.

நாங்கள் மட்டக்களப்புக்காரர். பெரியம்மா வீடு நாவலடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலத்தில் இருந்தது. 2004 டிசம்பர் 26, போயா தினம். பெரியம்மாவைக் கடல் கொண்டுபோனது. அதனால் இந்த விஷயத்தை என்னால் சும்மா பொது அறிவாகப் பார்க்க முடியவில்லை.

சுனாமி என்றால் பிள்ளைகளுக்கு இரண்டு பாடம் சொல்லித்தருகிறோம். நிலம் நடுங்கினால் ஓடு, கடல் உள்வாங்கினால் ஓடு. இரண்டும் சரியான பாடம்தான். ஆனால் கொழும்பில் இருப்பவர்கள் இந்த இரண்டையும் மட்டும் நம்பியிருக்கக் கூடாது. அன்று சுமாத்திராவுக்கு மேற்கே நிலம் பிளந்தபோது எங்கள் கடிகாரத்தில் காலை 6.58. அளவு 9.1. அவ்வளவு பெரிய நடுக்கம், ஆயிரத்து அறுநூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருந்த எங்களில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியவே இல்லை. தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். கடலும் எல்லா இடத்திலும் முதலில் உள்வாங்கவில்லை. தாய்லாந்துப் பக்கம் உள்வாங்கியது. எங்கள் பக்கம் முதலில் ஏறித்தான் வந்தது. கடலடி மேலே எழும்பிய பக்கம் எங்களைப் பார்த்து இருந்ததுதான் காரணம். தெற்கே கடல் வெகுதூரம் வற்றியது முதல் அலைக்குப் பிறகு. அதைப் பார்க்க இறங்கியவர்களை அடுத்த அலை பிடித்தது. ஆகவே ‘கடல் வற்றினால் ஓடுவோம்’ என்று பல்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கொழும்பில் கடல்மட்டத்தை அளக்கும் கருவியில் முதல் அலை பதிவானது காலை 9.49க்கு. நடுவில் 2 மணி 50 நிமிடம் இருந்தது. அன்று இந்து சமுத்திரத்துக்கென்று ஓர் எச்சரிக்கை ஏற்பாடு இல்லாததால் அந்த நேரம் முழுக்க வீணாய்ப் போனது. இன்றைக்கு இருக்கிறது. இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா மூன்று நாட்டு நிலையங்களும் நடுக்கத்தைக் கணக்கிட்டுத் தகவல் அனுப்புகின்றன. இங்கே வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிக்கை விடும். அனர்த்த முகாமைத்துவ நிலையம் அதைத் தொலைக்காட்சி, வானொலி, பொலிஸ் வழியாகச் சனங்களிடம் சேர்க்கும். அந்த நிலையத்தின் அவசர இலக்கம் 117. கைப்பேசியில் மட்டுமல்ல, குளிர்சாதனப் பெட்டிக் கதவிலும் எழுதி ஒட்டுங்கள். ஆனால் ‘வெளியேறுங்கள்’ என்ற அறிவித்தல் வந்த பிறகு 117க்கு அடித்து உறுதிப்படுத்திக்கொண்டு நிற்காதீர்கள். லைன் கிடைக்காது, நேரம்தான் போகும்.

வாட்ஸ்அப்பில் வருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘இன்ன திகதி ராட்சத சுனாமி வரப்போகிறது’ என்று வந்தால் அது பொய். எந்த நாளில் நிலம் நடுங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல இன்னும் யாராலும் முடியாது. நடுங்கிய பிறகு, அலை எப்போது எங்கே வரும் என்பதைத்தான் கணக்கிடலாம். உண்மையான எச்சரிக்கையில் எத்தனை மணிக்கு, எங்கே, என்ன அளவில் நடுங்கியது என்ற விபரம் இருக்கும். நூற்றுக்கணக்கான மீற்றர் உயரத்துக்கு அலை எழும்பும் என்ற படங்களும் சுற்றுகின்றன. அலஸ்காவில் லிட்டுயா குடாவில் 1958இல் தண்ணீர் 524 மீற்றர் வரை மலைச்சரிவில் ஏறியது உண்மை. ஆனால் அது ஒடுங்கிய குடாவுக்குள் மலை சரிந்து விழுந்ததால் எழும்பியது. அப்படிப்பட்ட அலை சமுத்திரத்தைக் கடந்து அதே உயரத்தில் வந்து சேராது. எங்களைக் கொல்ல அவ்வளவு உயரமும் வேண்டாம். முழங்கால் அளவு தண்ணீர் வேகமாக ஓடினாலே வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும், அதற்குள் வரும் தகரமும் மரக்கட்டையும் மிச்சத்தைச் செய்யும். 2004இல் அலை வங்காள விரிகுடாவைக் கடந்துகொண்டிருந்தபோது செய்மதி அளந்த உயரம் ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர்தான். அதே அலைதான் ஆழம் குறைந்த கரைக்கு வந்து கல்முனையையும் ஹம்பாந்தோட்டையையும் அடித்தது. ஆழ்கடலில் அது மணிக்கு 700 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும், கரையில் வேகம் குறைந்து உயரும்.

‘2004இல் கொழும்புக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லையே’ என்று எங்கள் தொடர்மாடிக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அன்று அலை கிழக்கிலிருந்து வந்து, தெற்கைச் சுற்றி வளைந்துதான் எங்களிடம் வந்தது. நாட்டின் உடம்பே எங்களுக்கு மறைப்பாக இருந்தது. ஆனால் எங்கள் கரை பார்ப்பது மேற்கை. பாகிஸ்தான், ஈரான் கரையோரமாக மக்ரான் என்ற இடத்தில் இன்னொரு பிளவு இருக்கிறது. 1945 நவம்பர் 28 அன்று அங்கே 8.1 அளவில் நடுங்கி அரபிக்கடலில் சுனாமி எழுந்தது. அந்தத் திசையிலிருந்து வந்தால் 2004இல் கிடைத்த மறைப்பு கிடைக்கும் என்று எண்ணக்கூடாது.

சரி, எச்சரிக்கை வந்துவிட்டது. என்ன செய்வது?

வாகனத்தை எடுக்காதீர்கள். இதைத்தான் நான் எல்லாரிடமும் கெஞ்சிக் கேட்பது. எங்கள் பக்கத்துத் தொடர்மாடிகளில் வாகனம் நிற்பது நிலமட்டத்தில், அல்லது அதற்கும் கீழே. சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்குவது, தண்ணீர் முதலில் நிரம்பப் போகும் குழிக்குள் இறங்குவது. அப்படியே வெளியே எடுத்தாலும் ஒழுங்கை முனையில் காலி வீதி அசையாது.

எனக்கு அது தெரிந்தது 2012 ஏப்ரல் 11, புதன்கிழமை. சித்திரை வருஷத்துக்கு உடுப்பெடுக்கப் பம்பலப்பிட்டியில் நின்றேன். பின்னேரம் 2.08க்குச் சுமாத்திராப் பக்கம் 8.6 அளவில் நடுங்கியது என்று கடையில் இருந்த தொலைக்காட்சியில் சொன்னார்கள். மகள் அப்போது கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் டியூஷனில் இருந்தாள். போன் எடுத்தேன், லைன் இல்லை. ஓட்டோ பிடித்தேன், நூறு யார் போய் நின்றுவிட்டது. இறங்கி நடந்தேன். சனம் முழுக்கக் கடலை விட்டு மேலே ஏறி வர, நான் மட்டும் கடலை நோக்கி ஓடினேன். அவளோ எப்போதோ சிநேகிதிகளோடு காலி வீதியைக் கடந்து பாமன்கடைப் பக்கம் போய்விட்டிருந்தாள். பூட்டிய டியூஷன் கதவை நான் தட்டிக்கொண்டு நின்றேன். அன்று கடலடிப் பாறைத் தட்டுகள் பக்கவாட்டில் உரசியதால் கடலடி மேலே தூக்கப்படவில்லை, பெரிய அலை எழவில்லை, எச்சரிக்கையும் பிறகு நீக்கப்பட்டது. எழுந்திருந்தால், பத்திரமாக இருந்த பிள்ளையைத் தேடிப்போன தாய் செத்திருப்பாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு: யாரும் யாரையும் தேடிப் போவதில்லை. எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து மேலே ஏறுவது. எல்லாம் முடிந்து அறிவித்தல் வந்த பிறகு சந்திப்பது பாமன்கடையில் மாமி வீட்டில். அதுவும் கடலிலிருந்து ஒரு கிலோமீற்றருக்கு மேல் உள்ளே, மூன்றாம் மாடியில். இங்கே லைன் கிடைக்காவிட்டால் கனடாவில் இருக்கும் தம்பிக்கு ஒரு குறுஞ்செய்தி. உள்ளூரில் நெரிசல் என்றாலும் சிலவேளை வெளிநாட்டுக்குப் போய்விடும், அவன் மற்றவர்களுக்குச் சொல்வான். இந்த ஏற்பாட்டை மகள், மருமகன், பேத்தி எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். பேத்தியின் பள்ளிக்கூடத்தில், எச்சரிக்கை வந்தால் பிள்ளைகளை எந்த மாடிக்கு ஏற்றுவீர்கள் என்று கேட்டு எழுதி வைத்திருக்கிறோம். நீங்களும் கேளுங்கள். பதில் இல்லை என்றால் பெற்றோர் கூட்டத்தில் எழும்பிக் கேளுங்கள்.

மேலே ஏறுவதா, உள்ளே நடப்பதா என்பது நேரத்தையும் காலையும் பொறுத்தது. நடக்கக்கூடியவர், அறிவித்தல் நேரத்தோடு வந்தவர் என்றால், காலி வீதியைக் கடந்து உள்ளே நடந்து போங்கள். ஆனால் வெள்ளவத்தைக்கு வடக்கிலும் தெற்கிலும் கால்வாய்கள் கடலில் விழுகின்றன. சுனாமித் தண்ணீர் வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் உள்ளே வரும், ஆகவே கால்வாய்க் கரையோரமாக நடக்கவோ பாலத்தில் நின்று பார்க்கவோ வேண்டாம். நடக்க முடியாதவர்கள், நேரம் இல்லாதவர்கள், நல்ல கொங்கிறீற் கட்டடத்தில் மூன்றாம் மாடிக்கு மேல் ஏறுங்கள். மதில், ஓட்டு வீடு, தகரக் கொட்டில் எதையும் நம்பாதீர்கள். ஒழுங்கையில் தனி வீட்டில் இருப்பவர்கள், எந்தத் தொடர்மாடியில் ஏறுவது என்று அந்தக் காவலாளியோடு இப்போதே பேசி வையுங்கள். எங்கள் காவலாளி மாமா மாத்தறைக்காரர், அவருக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையே இருக்கவில்லை. கேட்டை அகலத் திறந்து விடுவது தன் வேலை என்று அவரே சொன்னார். வாசலில் மூன்று மொழியிலும் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

கரையோர ரயிலில் இருந்தால் இறங்கி, தரைப்பக்கமாக மேலே போங்கள். 2004 டிசம்பர் 26 காலை கொழும்புக் கோட்டையிலிருந்து மாத்தறைக்குப் புறப்பட்ட ‘சமுத்திரா தேவி’ பெரலியவில் நின்றபோது, முதல் அலைக்குத் தப்பிய ஊர்ச்சனம் ரயில்பெட்டி பாரமானது, அசையாது என்று அதற்குள் ஏறினார்கள். அடுத்த அலை பெட்டிகளைப் புரட்டியது. 1,000க்கும் அதிகமானவர்கள் அங்கே இறந்தார்கள்.

அவசரப் பை பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. எங்களுடையது கதவுக்குப் பின்னால் தொங்குகிறது: அடையாள அட்டைப் பிரதிகள், அம்மாவின் பிரஷர் மாத்திரையும் சீனி வருத்த மாத்திரையும் ஒரு கிழமைக்கு, அவவின் மூக்குக் கண்ணாடி, டோர்ச், சின்ன வானொலி, விசில், தண்ணீர், பிஸ்கட், கொஞ்சம் சில்லறைக் காசு. மாத்திரையை மட்டும் மாதாமாதம் மாற்றுகிறேன். வெறுங்காலோடு போகாதீர்கள், சப்பாத்து போடுங்கள், தண்ணீர் விட்டுப்போகும் சேற்றுக்குள் கண்ணாடியும் ஆணியும் கிடக்கும். வெளியேறும்போது காஸ் சிலிண்டரை மூடி, மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். நகைப் பெட்டியைத் தேடி அலுமாரியைக் கிண்டாதீர்கள்.

ஏறிய பிறகுதான் பொறுமை வேண்டும். சுனாமி ஓர் அலை இல்லை, பல அலை. இரண்டு அலைக்கு நடுவில் பத்து நிமிடமும் இருக்கலாம், ஒரு மணித்தியாலமும் இருக்கலாம். முதலாவதுதான் பெரியது என்றும் இல்லை. தண்ணீர் வற்றி, வெயில் அடித்து, கீழே ஆட்கள் நடமாடினாலும், எச்சரிக்கை நீக்கப்பட்டது என்று வானொலியில் கேட்கும்வரை படியிறங்காதீர்கள். ஒத்திகை அன்று அம்மா ஒரு மணிநேரத்திலேயே, “என்ன மனே, இன்னும் எவ்வளவு நேரம்?” என்று கேட்டா. அதனால் நானா வீட்டில் அவவுக்கென்று ஒரு பாயும் தலையணையும் வைத்திருக்கிறோம். கழிப்பறைக்குப் பக்கத்து அறை.

இறங்கி வந்தாலும் கீழே நிலத்தடித் தாங்கியில் இருக்கும் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கழிவும் உப்பும் கலந்திருக்கும். மெயின் சுவிட்சை மின்சாரக்காரர் பார்க்காமல் போடாதீர்கள். மோட்டர் இருக்கும் அறை எங்களுக்கு நிலமட்டத்தில் இருக்கிறது. அதை முதலாம் மாடிக்கு மாற்ற வேண்டும் என்று அடுத்த கூட்டத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.