தட்டை மேப்பை உருண்டையாக்க ஒரு ஈஸி வழி

வரைஞ்ச உலக மேப்ப குளோப் மாதிரி காட்டணும்னா ஃப்ரீயா கிடைக்கிற கிம்ப்ங்கிற (GIMP) படம் எடிட் பண்ற சாஃப்ட்வேர் போதும், ஆனா படத்தோட அகலம் உயரத்தைவிட சரியா ரெண்டு மடங்கு இருக்கணும் (2048க்கு 1024 போல), ஏன்னா பூமிக்கு குறுக்க 360 டிகிரி, நெடுக்க 180 தான். ஃபில்டர்ஸ்ல மேப், அதுல மேப் ஆப்ஜெக்ட் போய் ஸ்பியர்னு குடுங்க, பேக்ரவுண்ட டிரான்ஸ்பரன்ட்னு டிக் பண்ணிடுங்க, இல்லேன்னா அப்புறம் வெட்டி எடுக்குறது தலைவலி.

மெர்கேட்டர் மேப்ப (துருவத்துப் பக்கம் போகப்போக இடங்களைப் பெருசாக்கிக் காட்டுற மேப்) மட்டும் போட்டுடாதீங்க, கிரீன்லாந்து உருண்டையிலயும் ஊதிப்போய்த்தான் இருக்கும்! இடது ஓரமும் வலது ஓரமும் ஒட்டுற இடத்துல கோடு தெரியும், அதனால உருண்டையாக்குறதுக்கு முன்னாடியே ஆஃப்செட்ல படத்த பாதி அகலம் நகர்த்தி, நடுவுல வர்ற கோட்ட க்ளோன் டூலால (பக்கத்துல இருக்கிறத காப்பி பண்ணி மேல பூசுற டூல்) அழிச்சிடுங்க. துருவத்துகிட்ட எழுத்து எதுவும் வைக்காதீங்க, நசுங்கிடும்.