நோக்கக் கூற்றிலிருந்து ‘வேண்டும்’ என்ற சொல்லை நீக்கிய அனுபவம்

எதற்காக, எப்படி வாழ்வது என்று கிளிநொச்சியில் எனக்கு நானே எழுதிவைத்த வாழ்க்கை நோக்கக் கூற்று ஒன்பது நாட்களாக எதற்கும் உதவவில்லை. கொழும்பில் கிடைத்த வேலையை ஏற்பதா, அம்மாவுடன் இருந்து வயலைப் பார்ப்பதா என்று கேட்டால், அது இரண்டுக்கும் தலையாட்டியது. நீளமே குறை என்று எண்ணி ஒரு பக்கத்தை மூன்று வரிகளாகச் சுருக்கினேன். பிறகு இணைய மாதிரிகளைப் பார்த்து ‘நேர்மை’, ‘சேவை’ என்று சொற்களை அடுக்கினேன். இரண்டும் வீண்.

ஒவ்வொரு வாக்கியமும் ‘வேண்டும்’ என்று முடிவதைத் தற்செயலாகவே கவனித்தேன். ‘சமூகத்துக்கு உதவ வேண்டும்’ என்று தமிழில் எழுதினால், யார், எப்போது என்பதைச் சொல்லாமலே வாக்கியம் நிறைவடைந்துவிடுகிறது. ‘நான்’ என்று தொடங்கிச் ‘செய்கிறேன்’ என்று முடித்துப் பார்த்தபோது பாதி வரிகள் பொய்யாகிவிட, அவற்றை அடித்தேன்.

மீதியைச் சரிசெய்தது சிறுபோகக் கூட்டம், அதாவது வறண்ட பருவ நெற்செய்கைக்கான விவசாயிகள் கூட்டம். இரணைமடுக் குளத்தின் நீர் இருப்பைப் பார்த்து எத்தனை ஏக்கர் விதைப்பது என்று அங்கே தீர்மானிக்கும்போது, எந்த வயலுக்குத் தண்ணீர் இல்லை என்பதும் கூடவே முடிவாகிறது. என் கூற்றிலோ விடுபடுவது எதுவும் இல்லை. ஆகவே ஒரு வரி சேர்த்தேன்: ‘இரவில் வீடு திரும்ப முடியாத வேலையை அம்மா இருக்கும்வரை நான் ஏற்பதில்லை.’ அன்று மாலையே கொழும்புக்குப் பதில் எழுதினேன்.